பணத்தை எண்ணினேன், காரியத்தை எண்ணவில்லை

54 லட்சம் கியாட்டை எண்ணிக் கொடுக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கியாட் என்பது எங்கள் பர்மா நாட்டுப் பணம். எல்லாம் பத்தாயிரம் கியாட் நோட்டு. நூறு நோட்டுக் கட்டு ஐந்து, மேலே உதிரியாக நாற்பது நோட்டு. நடைபாதையில் ஆறு வருடம் தோசை சுட்டுச் சேர்த்த பணம். 2021 செப்டம்பர் 29, புதன்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு, பாய் விரித்து உட்கார்ந்து எண்ணினேன். தமிழில் எண்ணுவது என்றால் கணக்குப் பார்ப்பதும்தான், யோசிப்பதும்தான். அன்றைக்கு நான் முதல் வேலையை ஒரு நோட்டுகூடப் பிசகாமல் செய்தேன். இரண்டாவதைச் செய்யவே இல்லை. "கொஞ்சம் பொறு, இது எதற்கு வைத்த பணம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அப்போது எனக்கு ஆள் இல்லை. உங்களில் யாராவது அப்படி ஒரு பாயில் தனியாக உட்கார்ந்திருந்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ரங்கூனிலேயே பிறந்து வளர்ந்தவள். ஊருக்கு இப்போது யாங்கோன் என்று பெயர். எங்கள் வீட்டில் இன்னும் ரங்கூன்தான். தமிழ் எழுதப் படித்தது கோயில் வகுப்பில். கணவர் 2014-இல் தவறிவிட்டார். மகன் மலேசியாவில் வேலை பார்க்கிறான். அனவ்ரதா சாலையில் 1871-இல் நம்மவர்கள் கட்டிய காளியம்மன் கோயில் இருக்கிறதே, அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் தள்ளுவண்டி போட்டிருந்தேன். பர்மாக்காரர்கள் தோசையை 'தோஷே' என்பார்கள். பேர் நம்மிடமிருந்து போனது, உளுந்து அவர்கள் மண்ணில் விளைவது. இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்கும் உளுந்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கப்பல் ஏறுகிறது. அந்த உளுந்தை ஊறவைத்து, அரைத்து, ராத்திரி முழுக்கப் பொங்கவிட்டு, காலையில் கல்லில் ஊற்றுவதுதான் என் பிழைப்பு. பொறுமை தெரியாத தொழில் இல்லை. அதனால்தான் நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது.

அந்தப் பணம் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வெயிலையும் மழையையும் விட்டு ஒரு சின்னக் கடைக்குள் போக வேண்டும் என்பது பல வருட ஆசை. மாதம் நாலரை லட்சம் வாடகைக்கு ஒரு இடம் அமைந்தது. இங்கே பெரும்பாலும் மாதாமாதம் வாங்க மாட்டார்கள். ஒரு வருடத்துக்கு மொத்தமாக முன்னாலேயே கேட்பார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 54 லட்சம். அக்டோபர் 15-ஆம் தேதி ஒப்பந்தம் எழுதலாம் என்று பேசி, இரண்டு லட்சம் தனியாக அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். அந்த வருடம் பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் பிறகு வங்கியில் போட்ட பணத்தை நினைத்தபோது எடுக்க முடியவில்லை, ஏடிஎம் வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ரொக்கமாக்கி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன்.

பிப்ரவரிக்கு முன் ஒரு டாலர் 1,330 கியாட் அளவில் இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் 1,700 ஆனது. மாதக் கடைசியில் காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. 29-ஆம் தேதி 2,700 என்றார்கள். பணம் மாற்றும் கடைகளில் பல ஷட்டரை இறக்கிவிட்டன, சில தங்கக் கடைகளும் மூடிக்கொண்டன. தெய்ஞ்ஜி மார்க்கெட்டில் எண்ணெய் விலை கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லாமல் போனைப் பார்த்தார். ஜூலையில்தான் இந்த ஊர் கொரோனாவால் ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றிருந்தது. எல்லார் நெஞ்சிலும் பயம் ஏற்கெனவே குடியிருந்தது. அன்று நாலு மணிக்குத் தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார். "அக்கா, எங்கிட்ட 2,000 டாலர் இருக்கு. 2,700-க்குத் தர்றேன். நாளைக்கு 3,000 ஆயிடும். யோசிக்க நேரமில்ல, இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க." 2,000 டாலர், 2,700 கியாட். சரியாக 54 லட்சம். கையில் இருந்த பணமும் அவர் கேட்ட பணமும் இப்படி ஒட்டிப்போனதே அம்மன் காட்டிய வழி என்று எனக்குப் பட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "பதறாத காரியம் சிதறாது" என்று என் ஆத்தா நாளுக்கு நாலு தடவை சொல்வார். எனக்குத் தெரியாத பழமொழியா? ஆனால் பதறிக்கொண்டிருக்கும்போது நாம் பதறுகிறோம் என்று தெரிவதில்லை. சுறுசுறுப்பாக இருக்கிறோம், ஊர் தூங்கும்போது நாம் மட்டும் விழித்துக்கொண்டோம் என்றுதான் தோன்றும். அன்று எனக்குப் பயமே தெரியவில்லை. புத்தி கூர்மையாக வேலை செய்கிறது என்றே நினைத்தேன். உடம்புக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. மூச்சு தொண்டைக்குழியோடு நின்றது. பேச்சு வேகமானது. போன் திரையைப் பத்து தடவை துடைத்தேன், அதில் தூசியே இல்லை. இதெல்லாம் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திக்கொண்டது. உங்களுக்கு வேறு அடையாளம் இருக்கும். ஒருவருக்குக் கை குளிரும், ஒருவருக்குச் சிரிப்பு வரும். பதற்றத்தைப் புத்தியால் கண்டுபிடிக்க முடியாது, புத்திதான் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறதே. உடம்பைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் உங்கள் உடம்பின் அடையாளம் எது என்று அமைதியான நாளிலேயே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, "யோசிக்க நேரமில்லை" என்று யார் சொன்னாலும், அதைச் சொல்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று ஒரு கணம் பார்க்க வேண்டும். எனக்கு அன்று ஆலோசனை சொன்னவரும் டாலர் விற்றவரும் ஒரே ஆள்.

மூன்றாவது கட்டை எண்ணும்போது நெஞ்சுக்குள் ஏதோ இடறியது. பதினைந்தாம் தேதி வாடகை கொடுக்க வேண்டுமே, டாலராகக் கொடுத்தால் இடத்துக்காரர் வாங்குவாரா என்று ஒரு நினைப்பு. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கை அப்படியே நின்றது. அப்புறம், அதுதான் வாங்கிக்கொள்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டோமே, டாலர் விற்பவர் கிளம்பி வந்துகொண்டிருப்பாரே என்று மறுபடி எண்ணத் தொடங்கினேன். ஆரம்பித்துவிட்டோம் என்பதற்காகவே முடித்த காரியம் அது. ஏழு மணிக்கு அவர் வந்தார், இருபது நூறு டாலர் நோட்டைக் கொடுத்தார், டீ குடித்தார், போனார்.

அடுத்த நாளே 3,000 ஆகிவிடும் என்றார் இல்லையா? விலை அதற்கப்புறம் இறங்கத் தொடங்கியது. 2,500 என்றார்கள், 2,200 என்றார்கள். நான் தினமும் காலையில் மாவைக் கலக்குவதற்கு முன் போனைப் பார்ப்பேன். திரும்ப ஏறும், ஏறும் என்று காத்திருந்தேன். அக்டோபர் 14-ஆம் தேதி வேறு வழியில்லாமல் விற்கப் போனேன். எனக்குக் கிடைத்த விலை 1,950. அதிலும் இரண்டு நோட்டில் மடிப்பும் மை அடையாளமும் இருக்கிறது என்று 1,800-தான் தருவேன் என்றார்கள். இங்கே டாலர் நோட்டு புத்தம் புதிதாக, மடிப்பில்லாமல் இருந்தால்தான் முழு விலை. வாங்கும்போது விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் எண்ணிக்கை மட்டும் பார்த்து வாங்கியிருந்தேன். கைக்கு வந்தது 38 லட்சத்து 70 ஆயிரம். 15 லட்சத்து 30 ஆயிரம் நஷ்டம். முழு வாடகை இல்லை என்றதும் இடத்தின் சொந்தக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார், அட்வான்ஸ் இரண்டு லட்சமும் திரும்பவில்லை. மொத்தம் 17 லட்சத்து 30 ஆயிரம் போனது. அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் அதே நடைபாதை, தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இன்னொரு மழைக்காலம்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் நவம்பரில் நடந்தது. நாலு வருடமாக என்னோடு வேலைக்கு நின்ற பெண் ஒரு நாள் மாவுப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டாள். பாதி மாவு ரோட்டில் ஓடியது. நான் வாடிக்கைக்காரர்கள் முன்னாலேயே அவளை என்னென்னவோ பேசினேன். பேசும்போதே தெரிந்தது, இது மாவுக்கான கோபம் இல்லை என்று. தெரிந்தும் வாய் நிற்கவில்லை. அவள் அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அன்றைய கூலியைக்கூட வாங்காமல் போனாள். அவள் வீடு தேடிப் போய்க் கூலியைக் கொடுத்து மன்னிப்பும் கேட்டுவிட்டேன். ஆனால் அவள் வேலைக்குத் திரும்பி வரவில்லை. 54 லட்சத்தைக் கொடுத்ததும் அந்தப் பேச்சும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. பெரிய காரியத்தில் யோசிக்காதவள் சின்னக் காரியத்திலும் யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சின்னக் காரியங்களில் பழகாததால்தான் பெரியதில் கை கொடுக்கவில்லை.

மகனிடம் ஒன்றும் சொல்லவில்லை. "கடை என்னாச்சும்மா?" என்று கேட்டால், "இடம் சரியில்ல தம்பி, வேற பார்க்கிறேன்" என்பேன். ராத்திரி தூக்கம் வராது. தூங்காமல் நான் செய்ததற்குப் பேர் யோசனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு. மார்க்கெட்டில் வெங்காயக் கடை முன்னால் நின்று, இப்போது வாங்கலாமா, சாயங்காலம் விலை குறையுமா என்று கால் மணி நேரம் தடுமாறியிருக்கிறேன். ஒரு வீசை வெங்காயத்துக்கு. யோசனை வேறு, கவலை வேறு. யோசனை எங்கேயாவது போய்ச் சேரும். முடியும்போது ஒரு "சரி" இருக்கும். கவலை செக்கு மாடு. உங்கள் மனம் ஒரே விஷயத்தை மூன்றாவது தடவை அதே வார்த்தைகளில் சொல்கிறது என்றால் நீங்கள் யோசிக்கவில்லை. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வேறு வேலை பாருங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு பர்மிய அம்மாள் இருக்கிறார். நான் அவரை 'அமா' என்பேன், அக்கா என்று அர்த்தம். அவர் என்னை 'ஞீமா', தங்கச்சி என்பார். டிசம்பரில் ஒரு நாள் எங்கள் வாசலில் வெளிச்சம் அணையாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரிடம்தான் முதல் முதலாக வாயைத் திறந்தேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பணத்தைக் கொடுத்தபோது உனக்கு எத்தனை வயது?" எனக்குப் புரியவில்லை. நாற்பத்தாறு என்றேன். "நாற்பத்தாறு வயசுக்காரி இதைச் செய்திருக்க மாட்டாளே" என்றார்.

அந்தக் கேள்வி ரெண்டு நாள் என்னோடு இருந்தது. அப்புறம் விடை வந்தது. பன்னிரண்டு வயது. 1985 நவம்பரில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். அப்போதாவது ஒரு அளவு வரை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக வந்த நோட்டுகளில் ஒன்று 75. 1987 செப்டம்பர் 5-ஆம் தேதி 25, 35, 75 நோட்டுகளும் செல்லாது என்று அறிவித்தார்கள். இந்தத் தடவை மாற்றவும் முடியாது, பதிலுக்கு ஒரு காசும் கிடையாது. என் அப்பா கியாட்டை ரூபாய் என்றுதான் சொல்வார். அக்காவின் கல்யாணத்துக்கு அவர் சேர்த்ததெல்லாம் எழுபத்தைந்து ரூபாய் நோட்டு. செய்தி வந்த அன்று தகர டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போனேன். "காகிதத்தை நம்பாதே கண்ணு" என்றார், அவ்வளவுதான். அந்த நோட்டுகளில் ஒன்று இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் கழித்து அரிசி டின்னைத் திறந்தது என் கைதான், ஆனால் பயந்தது அந்தப் படிக்கட்டில் நின்ற பிள்ளை. அப்பா சொன்னது தப்பில்லை, அவர் பட்டது அது. ஆனால் 2021-இல் நடந்தது 1987-இல் நடந்தது இல்லை. யாரும் நோட்டைச் செல்லாது என்று சொல்லவில்லை. எனக்கு இருந்தது இரண்டே வாரத்தில் கட்ட வேண்டிய ஒரு வாடகை, அவ்வளவுதான். ஒரு முடிவை எடுக்கும்முன் "இது என் நினைப்பா, யாரிடமிருந்தாவது வந்து தங்கிய நினைப்பா?" என்று கேட்டுப் பாருங்கள். பெற்றவர்களின் அறிவு மட்டும் நமக்கு வருவதில்லை, அவர்களுடைய நடுக்கமும் வருகிறது.

அமா பல வருடங்களுக்கு முன் ரங்கூன் பஹானில் இருக்கிற மகாசி தியான மையத்தில் தங்கிப் பயிற்சி எடுத்தவர். மகாசி சயாடோ 1949-இல் இங்கே வந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கிய முறை அது. நடக்கும்போது காலைத் தூக்குவது, நகர்த்துவது, வைப்பது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டே நடப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கும் முன்னால் உள்ள படி. எழுந்திருப்பதற்கு முன் 'எழ நினைக்கிறேன்' என்பதைக் குறிக்க வேண்டும். கை அசையும் முன்னால் ஒரு நினைப்பு அசைகிறது, அதைப் பார்க்க வேண்டும். நான் அம்மன் கோயிலுக்குப் போகிறவள், மதம் மாற வேண்டுமா என்று தயங்கினேன். "உன் கை எந்த மதம்?" என்று கேட்டார் அமா. இது விபாசனா தியானத்தில் ஒரு வகை. அந்தப் பேர் இந்தியாவில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் இன்னொரு வகையை இந்தியாவுக்குக் கொண்டுபோன கோயங்கா மாண்டலேயில் பிறந்த வியாபாரி. அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஊ பா கின் பர்மா அரசாங்கத்தின் கணக்குத் துறைத் தலைவர். வேலையை விடாமலே கற்றுக்கொடுத்தவர். இது காட்டுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை என்று எனக்கு அதில் தைரியம் வந்தது.

தோசைக் கல் முன்னால்தான் பழகினேன். கரண்டியை எடுக்க வேண்டும் என்று தோன்றுகிறது, எடுக்கிறேன். மாவு கல்லில் விழும் சத்தம். நடுவிலிருந்து வட்டமாக இழுக்கும்போது கல் சூடு அதிகமானால் மாவு கரண்டியோடு சுருண்டு வரும், கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். முன்பெல்லாம் மாவு சுருண்ட பிறகுதான் தெளிப்பேன். இப்போது தண்ணீருக்குக் கை போகும் முன், கல்லிலிருந்து வரும் ஆவியின் வாடையிலேயே தெரிந்தது. முதல் வாரம் ஒரு நாளைக்கு நாலைந்து தடவைதான் நினைப்பைப் பிடிக்க முடிந்தது, மற்றதெல்லாம் நழுவிப் போனது. ஒரு வாடிக்கைக்காரர் சட்னி கூடக் கேட்டு வள்ளென்று விழுந்தபோது, பதில் சொல்ல நினைக்கிறேன் என்பது கண்ணில் பட்டது. வாயில் வந்துவிட்ட சொல்லை விழுங்கிவிட்டுச் சட்னியை ஊற்றினேன். அரை நொடி இடைவெளி. நவம்பரில் அந்த அரை நொடி என்னிடம் இருந்திருந்தால் அந்தப் பெண் இன்றும் என் பக்கத்தில் நின்றிருப்பாள்.

புத்தர் தன் மகன் ராகுலனுக்குச் சொன்ன ஒரு உபதேசத்தையும் அமா எனக்குச் சொன்னார். கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்க்க என்கிறான் பிள்ளை. அதே மாதிரி உடம்பால், வாயால், மனதால் எதைச் செய்தாலும் செய்வதற்கு முன் பார், செய்யும்போது பார், செய்த பின்னும் பார் என்கிறார். யாருக்காவது கெடுதல் வரும் என்று தெரிந்தால், முன்பே தெரிந்தால் செய்யாதே. நடுவில் தெரிந்தால் நிறுத்து. முடிந்த பின் தெரிந்தால் விவரம் தெரிந்தவரிடம் மறைக்காமல் சொல். எண்ணித் துணிய வேண்டும் என்று கோயில் வகுப்பில் நானும் படித்தேன்தான். ஆனால் யோசனை என்றால் முன்னால் ஒரு தடவை செய்வது, துணிந்தால் அப்புறம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் நிறுத்தலாம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மூன்றாவது கட்டில் கை நின்றபோது போனை எடுத்து, "தம்பி, மன்னிச்சுக்கோ, வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். அவர் திட்டியிருப்பார், முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார். 17 லட்சத்து 30 ஆயிரத்துக்கு அது ரொம்ப மலிவு. நீங்கள் வார்த்தை கொடுத்துவிட்டீர்கள் என்பதற்காக, அவர் வண்டி ஏறிவிட்டார் என்பதற்காக, தப்பென்று தெரிந்த காரியத்தை முடிக்காதீர்கள். வெட்கமாக இருக்கும், அந்த வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும்.

செய்த பின் சொல்வதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. 2022 மார்ச்சில் மகனிடம் சொன்னேன். ஐந்து மாதம் மறைத்திருக்கிறேன். அவன் அனுப்பிய பணமும் அதில் இருந்தது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "ஏம்மா தனியா வச்சிருந்தீங்க?" என்றான். நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவன் கோபப்பட்டிருந்தாலும் சொல்லியிருக்கத்தான் வேண்டும். மறைத்த அந்த மாதங்களில் அதே தப்பை வேறு வேறு உருவத்தில் திரும்பச் செய்துகொண்டே இருந்தேன். சொன்ன அன்றைக்குத்தான் அது நடந்து முடிந்த விஷயமாக ஆனது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில், ஒரு லட்சத்துக்கு மேல் கை மாறும் எதற்கும் மூன்று வரி எழுதுவேன். என்ன செய்யப் போகிறேன், எதற்காக, இப்போது எனக்கு என்ன தெரியும். எழுத ஐந்து நிமிடம் போதும், ஆனால் பதற்றத்தில் இருக்கும்போது பேனா ஓடாது. அதுவே ஒரு அடையாளம். எழுதியதை ஒரு ராத்திரி விட்டுவைப்பேன், மாவு மாதிரி. நிஜமாகவே காத்திருக்க முடியாத காரியம் என்றால் முழுவதையும் செய்யாமல் கால் பங்கு செய்வேன். அன்றைக்கே 500 டாலர் மட்டும் வாங்கியிருந்தால் மிச்சப் பணத்தோடு இடத்தின் சொந்தக்காரரிடம் போய்க் கொஞ்சம் தவணை கேட்டிருப்பேன். பணத்தைச் சேர்த்து ஒரே டின்னில் போடுவதையும் விட்டுவிட்டேன். தனித்தனிக் கவர், மேலே எதற்கு, எந்தத் தேதிக்கு என்று கொட்டை எழுத்தில் எழுதிவிடுவேன். தேதி எழுதிய கவரைத் தொடும்போது கைக்கு ஒரு தடை இருக்கிறது.

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று 2022 ஆகஸ்டில் பார்க்க முடிந்தது. மத்திய வங்கி ஒரு டாலர் 2,100 கியாட் என்று விலை வைத்தது. வெளியில் அது 3,000-ஐத் தாண்டிப் போனது. பாமாயிலுக்குத் தெருவில் வரிசை. அதே ஆள் மறுபடி போன் செய்தார், அதே குரல், அதே "நேரமில்ல அக்கா". மூச்சு தொண்டைக்கு ஏறியதைக் கவனித்தேன். "நாளைக்குக் கூப்பிடறேன் தம்பி" என்று வைத்துவிட்டு மூன்று வரி எழுதினேன். எனக்கு வேண்டியது டாலர் இல்லை, தோசைக் கல் தினமும் அடுப்பில் காய வேண்டும், அவ்வளவுதான். அமாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு இதில் ஐந்து பைசா லாபமில்லை என்பதால்தான் அவரிடம். மறுநாள் ரெண்டு மாதத்துக்கு வேண்டிய உளுந்தும் எண்ணெயும் வாங்கிப் போட்டேன், அடுத்த கடைக்கு என்று தேதி போட்ட கவரைத் தொடவில்லை. அந்தக் கவரில் இருந்த பணத்தின் மதிப்பு தேய்ந்தது உண்மைதான். ஆனாலும் அந்த வருடக் கடைசியில், முன்பு பார்த்ததைவிடச் சின்னதாக ஒரு இடம் பிடித்தேன். இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி. மழை உள்ளே வராது.

உறவில் ஒருவர் என்னிடம் கேட்டார், "அந்த 2,000 டாலரை விற்காமல் வைத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு?" என்று. கணக்குத் தெரிகிறது, எனக்குக் கிடைத்ததைவிட ரொம்ப அதிகம். கேட்டதும் வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு சூது இருக்கிறது. அது என்னைப் பின்னால் தெரிந்த விலையை வைத்து அளக்கச் சொல்கிறது. அந்தப் பணம் வைத்திருக்க வைத்த பணம் இல்லை, பதினைந்தாம் தேதி போக வேண்டிய பணம். விலை ஏறியிருந்து லாபமே வந்திருந்தாலும் அன்று நான் செய்தது மோசமான காரியம்தான், லாபம் அதை எனக்குக் காட்டாமல் மறைத்திருக்கும், அவ்வளவே. அதனால்தான் மூன்றாவது வரியை எழுதுகிறேன், அன்றைக்கு எனக்கு என்ன தெரிந்திருந்தது என்று. பிறகு திரும்பிப் படிக்கும்போது என்னை நானே அநியாயமாகத் திட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம், அநியாயமாகப் பாராட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம்.

போன மாதம் மகன் கூப்பிட்டான். வேறு கம்பெனிக்கு மாற ஒரு ஏஜெண்ட் முன்பணம் கேட்கிறாராம், இன்றைக்கே கட்டினால்தான் இடம் என்கிறாராம். குரலிலேயே தெரிந்தது, என் வேகம் அவனுக்கும் வந்திருக்கிறது. நான் கட்டு என்றும் சொல்லவில்லை, கட்டாதே என்றும் சொல்லவில்லை. "மூணு வரி எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டு தம்பி" என்றேன். முதல் வரியை வாசித்தான். இரண்டாவது வரியையும் வாசித்தான். மூன்றாவதுக்கு வந்ததும் நின்றுவிட்டான். "அம்மா, அந்தக் கம்பெனி எங்க இருக்குன்னே நான் இன்னும் போய்ப் பார்க்கலையே" என்றான். ஞாயிற்றுக்கிழமை லீவு, போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தான்.